வான்காவுக்குப் படியளந்தவர்கள்

வின்சென்ட் வான்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மூன்று செய்தி சொல்வார்கள். காதை அறுத்துக்கொண்டார். உயிரோடு இருந்தவரை ஒரே ஒரு ஓவியம்தான் விற்றது. செத்த பிறகு கோடிகளில் விலை போனது. மூன்றும் முழுப் பொய் இல்லை. ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. 1880 முதல் 1890 வரை பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் வண்ண ஓவியங்களை வரைந்திருக்கிறார். கோட்டோவியங்களும் நீர்வண்ணங்களும் அதைவிட அதிகம். அதுவும் வண்ணத்தைச் சிக்கனமாகத் தடவுகிறவர் இல்லை, டியூபிலிருந்து பிதுக்கி அப்படியே கேன்வாஸில் அப்புகிறவர். எதுவும் விற்காத மனிதருக்கு இத்தனை வண்ணம் யார் வாங்கிக் கொடுத்தது? வாடகை யார் கட்டியது? செத்த பிறகு அந்த நூற்றுக்கணக்கான ஓவியங்களை யார் எங்கே வைத்திருந்தார்கள்?

தம்பி தியோ என்பது பாதிப் பதில். மீதிப் பாதி தியோவின் மனைவி யோஹன்னா. வான்காவின் போராட்டத்தைப் பெரும்பாலும் மனநோயின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் வருவது பணக் கணக்குதான். இத்தனை பிராங்க் வந்தது, இத்தனை வண்ணத்துக்குப் போனது, வெள்ளை டியூப் தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா. அந்தக் கணக்கின் வழியாகப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார்.

வியாபாரம் தெரியாத, கலை உலகத்துக்கு வெளியே கிடந்த ஏழை என்று அவரை நினைப்பதும் சரியில்லை. 1853 மார்ச் 30 அன்று நெதர்லாந்தின் தெற்கே ஜுண்டெர்ட் என்ற ஊரில் ஒரு புராட்டஸ்டன்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். பெரியப்பா சித்தப்பாக்களில் மூன்று பேர் ஓவிய வியாபாரிகள். அவர்களில் ஒருவர் பாரிஸின் பெரிய ஓவிய நிறுவனமான கூப்பிலில் பங்குதாரர். அந்தச் சிபாரிசில்தான் 16 வயதில் வான்கா கூப்பிலின் ஹேக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் லண்டன், பாரிஸ் என்று ஏழு வருடம் படம் விற்கும் தொழிலிலேயே இருந்தார். எந்தப் படம் விற்கும், எது விற்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். விற்கிற படத்தை வாடிக்கையாளரிடம் புகழத்தான் மனசு வரவில்லை. 1876-ல் வேலை போயிற்று.

அடுத்த நான்கு வருடம் எதிலும் நிற்கவில்லை. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர், டார்ட்ரெக்டில் புத்தகக் கடைச் சிப்பந்தி, ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிக்க முயன்று பாதியில் விட்டவர். கடைசியில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதிக்குப் பிரசங்கியாகப் போனார். மார்காஸ் சுரங்கத்தில் 700 மீட்டர் ஆழம்வரை இறங்கிப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தம்பிக்கு எழுதினார். தன்னிடம் இருந்த துணிமணிகளைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டுக் குடிசையில் தரையில் படுத்தார். அவரை அனுப்பிய திருச்சபைக் குழுவுக்கு இந்த அளவு பக்தி பிடிக்கவில்லை. நியமனத்தை நீட்டிக்கவில்லை. அங்கே கிடந்தபோதுதான், 1880-ல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்தார். மற்றவர்கள் பதின்ம வயதில் ஓவியப் பள்ளியில் சேர்ந்து முடித்திருக்கும் வயதில் இவர் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழக ஆரம்பித்தார்.

தியோ நான்கு வயது இளையவர். அதே கூப்பில் நிறுவனத்தில் சேர்ந்து, அண்ணனைப் போல வெளியே வராமல், பாரிஸ் கிளை ஒன்றின் பொறுப்புக்கு உயர்ந்தவர். 1880 முதல் அண்ணனுக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார். முதலில் மாதம் 100 பிராங்க் அளவில், பிறகு 150. இது எவ்வளவு பெரிய தொகை என்று புரிய ஒரு ஒப்பீடு வான்காவின் கடிதத்திலேயே கிடைக்கிறது. பின்னாளில் ஆர்ல் நகரில் அவர் பலமுறை வரைந்த அஞ்சல்காரர் ரூலினின் மாதச் சம்பளம் 135 பிராங்க். அதில் மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே வாழ்ந்தது. அப்படிப் பார்த்தால் ஒண்டிக்கட்டையான வான்கா பிச்சைக்காரர் இல்லை. ஆனால் ரூலின் வண்ணம் வாங்கவில்லை, கேன்வாஸ் வாங்கவில்லை, மாடலுக்குக் கூலி கொடுக்கவில்லை. வான்காவுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும் போய்விட்டு, மிஞ்சியதுதான் சாப்பாட்டுக்கு.

ஹேக் நகரில் 1882-ல் இந்தப் பணத்தில் இன்னும் சிலர் சாப்பிட்டார்கள். ஸீன் ஹூர்னிக் என்ற பெண், ஏற்கெனவே ஒரு மகளுக்குத் தாய், அப்போது மீண்டும் கர்ப்பிணி, தெருவில் பிழைத்துக்கொண்டிருந்தவர். அவரை மாடலாக வைத்து வரைய ஆரம்பித்த வான்கா அப்படியே சேர்ந்து வாழத் தொடங்கினார். கல்யாணமே செய்துகொள்கிறேன் என்றார். குடும்பம் கொதித்தது. அவருக்கு நீர்வண்ணம் கற்றுக்கொடுத்த உறவினர், புகழ்பெற்ற ஓவியர் அன்டன் மௌவ், பேச்சையே நிறுத்திவிட்டார். தியோவும் இந்த உறவை ஆதரிக்கவில்லை, ஆனால் மாதப் பணத்தை நிறுத்தவும் இல்லை. ஒன்றரை வருடத்தில் அந்த வீடு கலைந்தது. வான்கா ஸீனை விட்டுவிட்டுப் போனதை அவருடைய ரசிகர்கள் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். அது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கடிதங்களில் குற்ற உணர்ச்சி இருக்கிறது, அதோடு வரைவதற்கு நிம்மதி கிடைக்கும் என்ற ஆசுவாசமும் இருக்கிறது.

ஒரே ஓவியம் விற்றது என்ற கதையில் முதல் ஓட்டையும் இந்த ஹேக் காலத்தில்தான். ஓவிய வியாபாரியான சித்தப்பா கோர், நகரக் காட்சிகளாகப் பன்னிரண்டு மைக்கோட்டு ஓவியங்களுக்கு ஆர்டர் கொடுத்து 30 கில்டர் தந்தார். பிற்பாடு பாரிஸில் தாங்கி என்ற வண்ணக் கடைக்காரரும் ஒன்றிரண்டு விற்றுக் கொடுத்ததுண்டு. ஆக ஒன்று என்பது தவறு. ஆனால் பிழைக்கப் போதுமான அளவு விற்றதே இல்லை என்பது உண்மை.

1883 இறுதியில் பெற்றோர் இருந்த நூனன் கிராமத்துக்கு வந்தார். அங்கேதான் அண்ணன் தம்பிக்குள் முக்கியமான ஒப்பந்தம் ஒன்று உருவானது. எத்தனை நாள்தான் தம்பி தருவதை வாங்கிச் சாப்பிடுவது என்ற கூச்சம் வான்காவுக்கு. 1884 தொடக்கத்தில் ஒரு யோசனை சொன்னார்: நான் வரைவதையெல்லாம் உனக்கு அனுப்புகிறேன், அது உன் சொத்து, நீ அனுப்பும் பணம் நான் சம்பாதித்தது. தியோ சம்மதித்தார். தானத்தைச் சம்பளமாக மாற்றிக்கொண்ட ஏற்பாடு இது. வான்காவின் மனசுக்கு ஆறுதல் தரச் செய்ததுதான். ஆனால் இதனால்தான் ஓவியங்கள் ஊர் ஊராகச் சிதறாமல் ஒரே வீட்டில் சேர்ந்தன. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே அஸ்திவாரம்.

அந்த ஏற்பாட்டுக்குள் வராதவை என்ன ஆயின என்று பார்த்தால் இதன் அருமை தெரியும். 1885-ல் நூனனை விட்டுப் போனபோது ஏராளமான படங்களை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அம்மா பிரெடா நகருக்கு வீடு மாறியபோது அவற்றைப் பெட்டிகளில் அடைத்து ஒரு தச்சரிடம் விட்டுவைத்தார். அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. கடைசியில் 1903 வாக்கில் அவை ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் போய், தள்ளுவண்டியில் வைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டன. எத்தனையோ அழிந்தும் போயின.

நூனனில் வரைந்ததில் உலகம் அறிந்தது ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’. ஐந்து பேர், ஒரு விளக்கு, மண் நிறம். தட்டில் நீளும் அதே கையால்தான் இவர்கள் நிலத்தைத் தோண்டினார்கள், இந்தச் சாப்பாடு நேர்மையாகச் சம்பாதித்தது என்று காட்ட விரும்பியதாகத் தியோவுக்கு எழுதினார். நேர்மையாகச் சம்பாதித்த உணவு என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். தியோ பாரிஸில் விற்றுக்கொண்டிருந்த வெளிச்சமான இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களோடு இதைப் பக்கத்தில் வைத்தால், விற்கும் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

1886 மார்ச்சில் சொல்லாமல் கொள்ளாமல் பாரிஸில் தம்பி வீட்டுக்கு வந்து இறங்கினார். இரண்டு வருடம் ஒரே வீட்டில். வண்ணத்தை முழுசாகக் கற்றது இங்கே. பிசாரோ, சூரா, துலூஸ் லோத்ரெக், எமில் பெர்னார்ட் ஆகிய ஓவியர்கள் எல்லோரும் பழக்கமானார்கள். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளைச் சேர்க்கத் தொடங்கினார். மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் கண்ணாடியில் தன்னையே பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட சுயஉருவப் படங்களை வரைந்தார். அவற்றை ஒரு கலைஞனின் ஆழ்ந்த அகத்தேடல் என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். காசு கேட்காத மாடல் என்பதும் காரணம். தியோ பாடுதான் திண்டாட்டம். அண்ணனுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் அபாரத் திறமையும் மென்மையும் உள்ளவர், இன்னொருவர் சுயநலமும் கல்நெஞ்சும் உள்ளவர் என்று தங்கைக்கு எழுதும் அளவுக்குப் போனது. வீட்டுக்கு யாரும் வருவதற்கே தயங்கினார்கள்.

1888 பிப்ரவரி 20 அன்று வான்கா தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் ரயில் இறங்கினார். வெயிலைத் தேடிப் போனவரை வரவேற்றது பனி. அடுத்த பதினைந்து மாதம்தான் அவர் வாழ்க்கையின் உச்சம், வீழ்ச்சி இரண்டும்.

தங்கிய விடுதியில் முதல் சண்டை பில்லுக்காக. அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று உள்ளூர் நீதிபதிவரை போய், கொஞ்சம் குறைத்தும் வாங்கினார். பிறகு மாதம் 15 பிராங்க் வாடகைக்கு லாமார்த்தின் சதுக்கத்தில் மஞ்சள் வீட்டைப் பிடித்தார். ஓவியர்கள் கூடி வாழ்ந்து, செலவைப் பகிர்ந்து, படங்களைச் சேர்ந்து விற்கும் ஒரு கூட்டுறவு அங்கே உருவாகும் என்று கனவு. கனவு என்று சொன்னாலும் அதில் ஏழு வருடம் கடையில் வேலை பார்த்தவரின் கணக்கும் இருந்தது: ஒருவருக்குச் சமைக்கும் செலவில் இரண்டு பேர் சாப்பிடலாம், தியோ போட்ட முதல் வீணாகாது. கூப்பிலில் பங்குதாரராக இருந்த பெரியப்பா சென்ட் அந்தக் கோடையில் இறந்து தியோவுக்குக் கொஞ்சம் பணம் வைத்துப் போயிருந்தார். அதிலிருந்து தியோ அனுப்பிய 300 பிராங்கில் இரண்டு கட்டில், பன்னிரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி என்று வாங்கிப் போட்டார். இருப்பது ஒருவர், நாற்காலி பன்னிரண்டு! யார் யார் வந்து உட்காருவார்கள் என்று எதிர்பார்த்தாரோ.

வந்தது ஒருவர்தான், பால் கோகன். அவர் வந்ததை நட்பின் கதையாகச் சொல்வது வழக்கம். அது தியோ ஏற்பாடு செய்த ஒப்பந்தம். கடனில் மூழ்கிக் கிடந்த கோகனின் பாக்கிகளைத் தீர்த்து, மாதம் 150 பிராங்க் தருவதாகவும் பதிலுக்கு மாதம் ஒரு ஓவியம் வாங்கிக்கொள்வதாகவும் பேச்சு. கோகன் வருவதற்குள் வீட்டை அலங்கரிக்க வேண்டும் என்றுதான் 1888 ஆகஸ்டில் சூரியகாந்திப் பூக்களை வேக வேகமாக வரைந்தார். அக்டோபரில் படச் சட்டங்களுக்கும் வண்ணங்களுக்கும் காசெல்லாம் போய், வியாழக்கிழமையிலிருந்து நான்கு நாள் 23 கோப்பை காபியையும் கடன் சொல்லி வாங்கிய ரொட்டியையும் வைத்தே ஓட்டியதாகத் தம்பிக்கு எழுதினார். கோகன் அக்டோபர் 23 அன்று வந்தார். வந்ததும் வீட்டு வரவு செலவு இருந்த லட்சணத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்கு ஒரு டப்பா, மற்ற செலவுகளுக்கு ஒரு டப்பா என்று பணத்தைப் பிரித்து வைத்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சமையலும் அவர்தான். ஒரே ஒரு தடவை வான்கா சூப் வைத்தாராம், வாயில் வைக்க முடியவில்லையாம்.

அந்தக் காலத்து வண்ணங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாம் இன்று பார்ப்பது அவர் வரைந்த நிறங்களே இல்லை. அவர் விரும்பி வாங்கிய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் புதுச் செயற்கைச் சாயத்திலிருந்து வந்தது. குரோம் மஞ்சளில் சில வகை நாளடைவில் பழுப்பேறும். படுக்கையறை ஓவியத்தில் இன்று நீலமாகத் தெரியும் சுவர்களை அவர் வெளிர் ஊதாவாக வரைந்திருந்தார். கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அதில் இருந்த சிவப்பு போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. நியூயார்க்கில் உள்ள ஐரிஸ் மலர் ஓவியத்தின் வெள்ளைப் பின்னணி முன்பு இளஞ்சிவப்பு. இந்த வண்ணங்கள் நிலைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவற்றை இன்னும் தூக்கலாகப் போடவேண்டும், காலம் எப்படியும் தணித்துவிடும் என்று 1888-லேயே எழுதினார்.

டிசம்பர் 23 இரவு நடந்ததை உலகமே அறியும். கோகனோடு இரண்டு மாதமாக முற்றிக்கொண்டே வந்த வாக்குவாதம், கோகன் கிளம்பிவிடுவார் என்ற பயம், அன்றிரவு கத்தியால் இடது காதை அறுத்து, அதை ஒரு விபச்சார விடுதியிலிருந்த பெண்ணிடம் கொடுத்தது. காதின் ஒரு துண்டுதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சிகிச்சை தந்த டாக்டர் ஃபெலிக்ஸ் ரே பின்னாளில் வரைந்து காட்டிய படம் கிடைத்த பிறகு கிட்டத்தட்ட முழுக் காதும் என்று தெரிந்தது. தியோவுக்கும் யோஹன்னாவுக்கும் கல்யாணம் பேசி முடிவானதும் அதே நாட்களில்தான். தம்பிக்குக் குடும்பம் வந்தால் தன் மாதப் பணம் என்ன ஆகும் என்ற கவலை அந்த இரவில் எவ்வளவு வேலை செய்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் ஏறக்குறைய முப்பது பேர் கையெழுத்திட்டு மேயருக்கு மனு கொடுத்தார்கள். போலீஸ் மஞ்சள் வீட்டைப் பூட்டியது. 1889 மே 8 அன்று, யாரும் இழுத்துப் போகாமல் தானே விரும்பி, பக்கத்திலிருந்த சேன் ரெமியின் மனநல விடுதியில் சேர்ந்தார். அவருக்கு என்ன நோய்? மருத்துவர்கள் அப்போது சொன்னது ஒருவகை வலிப்பு. பிற்காலத்தில் டஜன் கணக்கில் நோய்ப் பெயர்கள் சூட்டியாயிற்று. இருமுனைக் கோளாறும், குடியை நிறுத்தியதால் வந்த பிதற்றலும் சேர்ந்திருக்கலாம் என்பது அண்மையில் சொல்லப்படுவது. எதுவானாலும் பைத்தியத்தின் வேகத்தில் வரைந்தார் என்பது மட்டும் தப்பு. நோய் வந்த வாரங்களில் அவரால் வரைய முடியவில்லை, வண்ணத்தை வாயில் போட்டுக்கொண்டதால் வண்ணப் பெட்டியையே எடுத்து வைத்துவிட்டார்கள். தெளிவாக இருந்த நாட்களில்தான் அந்த ஒரு வருடத்தின் சுமார் 150 ஓவியங்களும். ‘நட்சத்திர இரவு’ கூட பகலில், தனியாகத் தரப்பட்ட வேலை அறையில் உட்கார்ந்து வரைந்தது. அது அவருக்கும் அவ்வளவாகத் திருப்தி தரவில்லை, தியோவும் மெச்சவில்லை.

1890 ஜனவரியில் காற்று திசை மாறியது. அல்பேர் ஒரியே என்ற இளம் விமர்சகர் பாரிஸ் இதழ் ஒன்றில் வான்காவைப் பற்றி நீண்ட புகழுரை எழுதினார். அதே மாதம் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ஆறு ஓவியங்கள். அங்கே ஒரு பெல்ஜிய ஓவியர் இவற்றைப் பழித்துப் பேச, துலூஸ் லோத்ரெக் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கே அழைத்துவிட்டார். ஆன்னா பாக் என்ற ஓவியர் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ படத்தை 400 பிராங்குக்கு வாங்கினார். தியோ தந்துவந்ததோடு ஒப்பிட்டால் அது மூன்று மாதப் படிக்குக்கூடக் காணாது. ஜனவரி 31 அன்று தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, பெரியப்பா பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைக்காக வரைந்ததுதான் நீல வானத்தில் பூத்த பாதாம் கிளைகள்.

மே மாதம் பாரிஸுக்கு அருகே ஓவேர் கிராமத்துக்கு வந்து, நாளுக்கு மூன்றரை பிராங்குக்கு ராவு விடுதியில் தங்கினார். இரண்டு மாதத்தில் எழுபதுக்கு மேல் படங்கள். ஜூலை தொடக்கத்தில் பாரிஸில் தம்பி வீட்டுக்குப் போனபோது அங்கே நிலைமை சரியில்லை. குழந்தைக்கு உடம்பு தேறிக்கொண்டிருந்த நேரம், முதலாளிகள் சம்பளம் கூட்ட மறுக்கிறார்கள், வேலையை விட்டுத் தனிக்கடை போடலாமா என்று தியோ தவிப்பில். அதாவது, பத்து வருடமாக வந்த மாதப் பணம் நின்றுபோகலாம். திரும்பி வந்து எழுதிய கடிதத்தில், தன் வாழ்க்கையின் வேரே ஆட்டம் காண்கிறது, உங்களுக்குப் பாரமாகிவிட்டேனோ என்று பயப்படுகிறேன் என்று எழுதினார். ஜூலை 27 அன்று வயல்பக்கம் போய்க் குண்டுக் காயத்தோடு விடுதிக்குத் திரும்பி வந்தார். தியோ ஓடி வந்தார். 29-ம் தேதி அதிகாலை உயிர் பிரிந்தது, வயது 37. தற்செயலாக வேறு யாரோ சுட்டிருக்கலாம் என்று 2011-ல் ஒரு வாதம் கிளம்பியது. தானே சுட்டுக்கொண்டதாக அவர் போலீஸிடமும் மற்றவர்களிடமும் சொன்னதையே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஒரு மரணத்துக்கு ஒரு காரணம் சொல்ல முடியாது. நோய் திரும்பும் என்ற அச்சம், தனிமை எல்லாமே இருந்தன. பணத்தை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது நம் வழக்கம்.

ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். மேகநோய் (சிபிலிஸ்) மூளையைப் பிடித்து, 1891 ஜனவரி 25 அன்று உட்ரெக்டில், 33 வயதில் மரணம். மிஞ்சியது 28 வயது யோஹன்னா, இன்னும் ஒரு வயது முடியாத கைக்குழந்தை, பாரிஸ் குடியிருப்பின் சுவரிலும் கட்டிலுக்கடியிலுமாக அடைந்து கிடந்த சுமார் 400 ஓவியங்கள், நூற்றுக்கணக்கான கோட்டோவியங்கள், கட்டுக்கட்டாகக் கடிதங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. தம்பி மனைவியாக அவர் வான்காவை நேரில் பார்த்ததே சில நாட்கள்தான்.

யோ என்று அழைக்கப்பட்ட யோஹன்னா முன்பு ஆங்கில ஆசிரியை. ஓவிய வியாபாரம் தெரியாது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு நெதர்லாந்துக்குத் திரும்பி, ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே புஸ்ஸும் ஊரில் தங்கும் விடுதி ஒன்று நடத்தினார். விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே, கதைகளை மொழிபெயர்த்துக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டே, இரவில் அந்தக் கடிதங்களைப் படித்தார். தியோ தன்னிடம் குழந்தையைத் தவிர இன்னொரு வேலையையும் விட்டுப்போயிருக்கிறார், வின்சென்டின் படங்களை மக்கள் பார்க்கவும் மதிக்கவும் செய்வது என்று 1891 நவம்பரில் நாட்குறிப்பில் எழுதினார்.

கலை உலகத்து ஆண்கள் முதலில் சிரித்தார்கள். ரோலண்ட் ஹோல்ஸ்ட் என்ற ஓவியர், தனக்குப் புரியாத விஷயத்தில் பள்ளிக்கூடப் பெண்போல உணர்ச்சிவசப்படுகிறார் என்று யோவைப் பற்றி எரிச்சலோடு எழுதினார். யோ விடவில்லை. 1892 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கண்காட்சியை ஏற்பாடு செய்தவர் அதே ரோலண்ட் ஹோல்ஸ்ட்தான். வாடிய சூரியகாந்திக்குப் பின்னே புனிதர்களுக்குப் போடுவதுபோல ஒளிவட்டம் வரைந்து அட்டைப்படமும் அவரே தந்தார். தியாகி வான்கா என்ற கதை அந்த அட்டையில் ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லலாம்.

யோவின் வியாபார மூளை லேசுப்பட்டதில்லை. கண்காட்சிக்கு அனுப்பும்போது விற்பனைக்குள்ள படங்களோடு விற்பனைக்கில்லாத முதல்தரப் படங்களையும் கலந்து அனுப்புவார். விற்கமாட்டேன் என்ற படம் பக்கத்தில் தொங்கினால் மற்றதன் மதிப்பு ஏறும் அல்லவா? மொத்தமாக ஒரே இடத்தில் கொட்டவில்லை, அவசரப்பட்டு மலிவாகவும் கொடுக்கவில்லை. பெர்லினில் பால் காசிரர் என்ற வியாபாரி வழியாக ஜெர்மனியில் சந்தை திறந்தது. 1905-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தின் கூடங்களைத் தானே வாடகைக்கு எடுத்து, 480-க்கும் அதிகமான படைப்புகளை ஒரே சமயத்தில் மாட்டினார். வான்காவுக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய கண்காட்சி நடந்ததில்லை. வான்காவையும் கோகனையும் செஸானையும் சேர்த்துக் குறிக்கும் போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரே 1910-ல் லண்டனில்தான் புழக்கத்துக்கு வந்தது. வான்கா செத்து இருபது வருடம் கழித்து!

கடிதங்களை யோ அவசரப்பட்டு வெளியிடவில்லை. படங்கள் மதிக்கப்படும் முன்பே மனிதனைப் பற்றிய ஆர்வத்தைக் கிளப்புவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் என்று முன்னுரையில் காரணம் சொன்னார். 1914-ல் மூன்று தொகுதிகளாக வந்தன. குடும்பத்துக்குச் சங்கடமான இடங்களை நீக்கியும், சிலர் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கியும்தான் பதிப்பித்தார். அது இன்றைய ஆய்வாளர்களுக்குத் தலைவலி. அதே வருடம் தியோவின் உடலை ஓவேருக்குக் கொண்டுபோய் அண்ணனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார். 1924-ல் லண்டன் தேசிய ஓவியக் கூடம் சூரியகாந்தி கேட்டபோது முதலில் மறுத்தார், முப்பது வருடத்துக்கு மேல் தினமும் பார்த்த படம். கடைசியில் வின்சென்டின் புகழுக்காகச் செய்யும் தியாகம் என்று சொல்லிக் கொடுத்தார். கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்து 526 கடிதம்வரை முடித்திருந்த நிலையில் 1925 செப்டம்பரில் இறந்தார்.

தியோவும் யோவும் கல்யாணமான புதிதில் வீட்டுச் செலவு எழுத ஒரு கணக்கு நோட்டு போட்டார்கள். அண்ணனுக்கு அனுப்பியதும் அதில் வருகிறது. அதே நோட்டில்தான் யோ பின்னாளில் ஓவிய விற்பனையை எழுதிவந்தார், மொத்தம் ஏறக்குறைய 200 ஓவியங்கள். அந்த நோட்டு 2002-ல் அச்சில் வந்தது. அவருடைய நாட்குறிப்புகள் பொதுவில் கிடைக்க அதற்குப் பிறகும் சில வருடம் ஆயிற்று. அதனால்தான் வான்காவின் கதையில் இந்தப் பெண்ணின் பங்கு இவ்வளவு தாமதமாகப் பேசப்படுகிறது.

பாதாம் கிளை ஓவியத்தைப் பிறந்த பரிசாகப் பெற்ற குழந்தை பொறியாளராக வளர்ந்தார். அம்மா விற்காமல் வைத்திருந்ததை அவரும் பிரிக்காமல் காத்து, 1962-ல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1973-ல் ஆம்ஸ்டர்டாமில் வான்கா அருங்காட்சியகம் திறந்தது. அங்கே இன்று சுமார் 200 ஓவியங்கள் இருக்கின்றன. முப்பது பேர் மனு போட்டு அவரை வெளியேற்றிய ஆர்ல் நகரத்துக்கென்று சொந்தமாக ஒரு வான்கா ஓவியமும் இல்லை. வான்காவைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட, வெளியூர் அருங்காட்சியகங்களிடம் இரவல் கேட்டு வாங்கி மாட்டுகிறார்கள்.